உடல்வழியும் உயிர்வழியும்

காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. அலை வாங்கிய ஈரமணலிற் காலைப் பொழுதில் அங்கே மூவிரற் சுவடுகள் நூற்றுக்கணக்கிற் பதிந்து கிடக்கும். வலை உதறிய இடத்திற் சிந்திய சிறுமீனை நாடிக் காகமும் கொக்கும் உள்ளானும் நடந்து திரிந்த அடையாளம் அது. மீனவர் மனைக்கோழியும் சில வேளை அவ்வளவு தூரம் வந்து கிளறிப் போவதுண்டு. முன்னே மூன்று விரல் விரிந்து நடுவிரல் நீண்ட அச்சுவட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை, மிதித்துச் செல்வர், அடுத்த அலை அழித்துவிடும்.

இதனையொத்த சுவடுகள் அமெரிக்க நாட்டிற் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பாறைமேற் பதிந்திருந்தன. எட்வர்ட் ஹிட்ச்காக் என்னும் அறிஞர் 1836-ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து எழுதியபோது, அவை பண்டைக்காலத்துப் பெரும்பறவைகளின் காலடிகள் என்றே துணிந்தார். ரிச்சர்ட் ஓவன் ‘டைனோசர்’ என்னும் பெயரை அமைத்ததே 1842-ல் ஆதலின், அவர் வேறு சொல்வதற்கும் வழியில்லை. பின்வந்தோர் அவை டைனோசர்களின் சுவடுகள் எனத் தெளிந்து, ஹிட்ச்காக்கின் முடிபைத் தள்ளினர். அதற்கும் பின்வந்தோரோ, பறவையே டைனோசர் மரபின் ஒரு கிளை என நிறுவினர். ஆகவே அவர் கூற்று முழுதும் உண்மையுமன்று, முழுதும் பொய்யுமன்று என்னும் நிலையில் வந்து நின்றது.

இம்முடிபு எங்ஙனம் எய்தப்பட்டதென்பதைச் சுருங்கக் கூறுவாம். ஜெர்மனியிற் பவேரிய நாட்டுச் சுண்ணக்கற் பாறையில் 1861-ல் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் உயிரின் கல்லுரு வெளிப்பட்டது. ஏறத்தாழப் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அதற்கு இறகும் உண்டு. பல்லும், சிறையில் நகமும், எலும்புகள் நிரைத்த நீண்ட வாலும் உண்டு. தாமஸ் ஹக்ஸ்லி 1868 முதலாகப் பறவைக்கும் டைனோசருக்கும் உள்ள உறவை எடுத்துரைத்தார். ஆயினும் கெரார்ட் ஹைல்மன் என்பார் பறவையின் தோற்றம் பற்றி எழுதி 1926-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில், பறவையின் மார்பின் முன்னுள்ள கவையெலும்புக்கு மூலமான காறையெலும்பு டைனோசர்களிடத்து இல்லை. இழந்த உறுப்பு மீண்டும் தோன்றாது. ஆதலின் இவ்வுறவு பொருந்தாது என்று கூற, உலகம் அதனை நெடுங்காலம் ஏற்றுக்கொண்டது. ஜான் ஆஸ்ட்ரம் 1964-ற் கண்டெடுத்து 1969-ல் விரித்தெழுதிய டைனானிக்கஸ் என்னும் விலங்கு வழக்கை மீண்டும் திறந்தது. 1996-ற் சீன நாட்டு லியாவ்னிங் பகுதியிலிருந்து, பறத்தற்கு ஒரு சிறிதும் இயலாத சிறு டைனோசர் ஒன்று உடல் முழுதும் தூவி போர்த்த நிலையில் வெளிப்பட்டபின் ஐயம் பெரிதும் அகன்றது. இறகு பறப்பதற்கென்று தோன்றியதன்று. குளிர்காத்தற்கோ இணையைக் கவர்தற்கோ முன்னரே இருந்த போர்வையே பின்னர்ப் பறத்தற்கு உதவியது என்பது இதனாற் பெறப்படும்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள், நமக்கென்ன எனின், நம் காவிரி நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. பட்டினச்சேரி மண் நேற்று வந்த வண்டல். அதிற் பழைய எலும்பு கிடையாது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கத்தில், கடல் ஒருகால் உள்நாடு வரை புகுந்திருந்தபோது படிந்த பாறைகள் வெளியே தோன்றுகின்றன. அதே காலத்துப் படிவுகள் காரைக்காற் பகுதியில் வண்டலுக்குக் கீழே மிக ஆழத்திற் புதைந்துள்ளன. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் அதனை நன்கறிவர். அரியலூர்ப் பகுதி டைனோசர் எலும்புகளைப் பற்றி மாட்லி என்பார் 1929-ல் எழுதினார். கல்லமேட்டிற் கிடைத்த பேரெலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-ல் விவரித்து, ‘பிருகத்காயம்’ என்னும் வடசொல்லையும் மாட்லியின் பெயரையும் சேர்த்து அவ்விலங்குக்குப் பெயரிட்டனர். அதன் கணைக்கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். முதலில் அதனை ஊனுண்ணும் வகையென்றனர். பின்னர், தழையுண்ணும் நீள்கழுத்து வகையென மாற்றினர். அவ்வெலும்புகள் இப்பொழுது இல்லை. எடுத்தபின் சிதைந்து போயின.

நம் பொருளுக்கு அப்பேரெலும்பினும் மிகுதியாகப் பயன்படுவது அதே கல்லமேட்டுப் படிவிற் கிடைத்த ஒரு சிறு பல். அஞ்சலி கோஸ்வாமி, குண்டுபள்ளி பிரசாத் முதலிய அறிஞர்கள் அது ட்ரூடாண்டிட் என்னும் வகையைச் சேர்ந்ததெனக் கண்டு 2013-ல் வெளியிட்டனர். பறவைக்கு மிக நெருங்கிய உறவினவாக எண்ணப்படும் டைனோசர் வகைகளுள் அஃது ஒன்று. அதற்குமுன் வடபாற் கண்டங்களிலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் ஒன்று கருத்தில் இருத்தல் வேண்டும். கல்லமேட்டு விலங்கு வாழ்ந்த காலத்துக்கு எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பறவைக் கிளை பிரிந்துவிட்டது. ஆதலின் அது பட்டினச்சேரிக் காகத்துக்குப் பாட்டனன்று; பங்காளி. பாகப்பிரிவினைக்குப் பின் ஒரு வீட்டார் வழியற்றுப் போக, மற்றொரு வீட்டார் தழைத்தாற்போல, ஆறு கோடியே அறுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் வீழ்ந்து உலகு இருண்டபோது பங்காளிகள் அனைவரும் மடியப் பறவைக் கிளையிற் சில மட்டும் எஞ்சின. உடல் சிறுத்தும் பல்லின்றி அலகால் விதை பொறுக்கியும் வாழ்ந்தமை அவற்றைக் காத்திருக்கலாமென்பது அறிஞர் பலர் கருத்து.

நருமதை நாட்டுச் செய்தி ஒன்றையும் இடையே கூறிச் செல்லுதல் தகும். மத்தியப்பிரதேசத்துத் தார் மாவட்டத்தில், முட்டைக்குள் முட்டையாக அமைந்த டைனோசர் முட்டை ஒன்று கிடைத்ததாகத் தில்லிப் பல்கலைக்கழகத்தார் 2022-ல் எழுதினர். அவ்வாறான பிறழ்ச்சி பறவைகளிடத்தே காணப்படுவது. 2023-ல் அப்பகுதியினின்று 92 கூடுகளும் 256 முட்டைகளும் கணக்கிடப்பட்டன. அம்மாவட்டத்துப் படல்யா என்னும் ஊரினர், நிலத்தில் அகப்பட்ட உருண்டைக் கற்களைக் ‘காகர் பைரவர்’ என நிலங்காக்கும் தெய்வமாக வைத்துத் தலைமுறை தலைமுறையாக வழிபட்டு வந்தனர் என்றும், அவை டைனோசர் முட்டைகளென ஆராய்ச்சியாளர் கூறினர் என்றும் அவ்வாண்டின் இறுதியிற் செய்தி வந்தது. அதனைப் படித்துப் பலர் நகைத்தனர். நகைத்தற்கு யாதுமில்லை. கல் இன்னதென்று அவர் அறிந்திலர். தம் நிலத்தையும் ஆநிரையையும் காக்கும் பொருள் ஒன்று உண்டென்பதே அவர் கொண்ட கருத்து. கல் முட்டையாயினமையால் அக்கருத்துக்கு வந்த குறை யாது?

இனி, நாம் ஆராயப் புகுந்த வினாவுக்கு வருவோம். அதற்கு வாயிலாவது முட்டையைப் பற்றிய வேறொரு வரலாறு. அமெரிக்க அருங்காட்சியகத்தார் 1923-ல் மங்கோலியாவின் கோபிப் பாலைநிலத்தில் முட்டைக்கூடு ஒன்றையும் அதன்மேற் கிடந்த சிறு டைனோசர் ஒன்றன் எலும்பையும் கண்டனர். முட்டைகள் வேறொரு விலங்கின என்றும், இது திருடவந்த இடத்தில் இறந்ததென்றும் கருதி, ஹென்றி ஆஸ்போர்ன் 1924-ல் அதற்கு ‘ஓவிராப்டர்’, அதாவது முட்டைத் திருடி, எனப் பெயர் சூட்டினார். இப்பெயர் இதன் இயல்பைத் தவறாகக் காட்டிவிடவுங்கூடுமென அவரே எழுதிவைத்தார். ஆயினும் பெயர் பெயராயிற்று. எழுபது ஆண்டுகள் சென்றபின், 1993-ல் அதே வகை முட்டை ஒன்றனுள் கருவெலும்பு காணப்பட்டது. அக்கரு ஓவிராப்டர் குடும்பத்ததே. அவ்வாண்டிலேயே அக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு விலங்கு, கூட்டின் நடுவே அமர்ந்து, கால்களை மடக்கி, இரு முன்கைகளையும் முட்டைகளின்மேற் பரப்பிய நிலையில் மணலுள் புதைந்து கிடந்தமை வெளிப்பட்டது. கோழி அடையிருக்கும் இருக்கையே அது. மணல் வந்து மூடியபோதும் அது எழுந்து ஓடவில்லை. திருடியென்று எழுபது ஆண்டு பழி சுமந்தது, தன் முட்டையைக் காத்துக் கிடந்த உயிர்.

இவ்வரலாற்றிற் பிறிதொரு வியப்பும் உண்டு. 1924-ல் விவரிக்கப்பட்ட அந்த எலும்புக்கூட்டிலேயே கவையெலும்பு இருந்தது. வேறோர் எலும்பென்று அதற்குப் பெயர் எழுதிவிட்டனர். டைனோசர்க்கு அத்தகைய எலும்பு இல்லையென ஹைல்மன் நூல் கூறியது அதற்கு இரண்டாண்டு பின்னர். பொருள் கண்முன் இருந்தும் பெயர் மறைத்துவிட்டது. அடையிருந்த விலங்குக்கு 2001-ல் இட்ட பெயர் ‘சிதிபதி’. பௌத்தர் வழக்கிற் சுடலைக்குத் தலைவராகப் பேசப்படும் எலும்புருவினரின் பெயர் அது. காரைக்காலம்மையாரின் ஊரை அடுத்து வாழ்வோர்க்கு எலும்புருவும் சுடலையும் அன்பொடு சேர்த்து எண்ணப்படுதல் புதியதன்று.

கோழி இருபத்தொரு நாள் இரை குறைத்து அடையிருப்பதும், பருந்தின் நிழல் கண்டவுடன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் ஒடுக்குவதும் நாம் நாளும் காண்பன. தாயன்புக்கு அவற்றை எடுத்துக்காட்டாகப் பேசுகின்றோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே, பறவையல்லாத ஓருயிரிடத்து இதே இருக்கை இருந்ததென்றால், இவ்வன்பு எதனுடையது? உடலோடு வழிவழி வந்த பழக்கமா, உயிரின் குணமா?

உலகாயதர் விடை எளிது. காத்தவற்றின் முட்டை பிழைத்தது. காவாதவற்றின் முட்டை அழிந்தது. எஞ்சி நிற்பன காத்தவற்றின் வழியே. இதில் அன்பென்று ஒன்றை இடையிற் கொணர வேண்டுவதில்லை என்பர் அவர். இதன் முற்பகுதியை மறுத்தற்கு நமக்கு யாதொரு காரணமும் இல்லை. அடைகாக்கும் பழக்கம் எங்ஙனம் நிலைத்ததென்பதை அது நன்றாகவே விளக்குகின்றது. பிற்பகுதியே பொருந்தாது. ஒருவன் தாய் அவனைப் பேணியது, அவள் தன் தாயினிடத்துக் கண்டும் அவள் உடலிற் பெற்றும் வந்த இயல்பினாலேயாம். அதுபற்றி, ‘என்னைப் பேணியது அன்பன்று, பாட்டி வழிவந்த பழக்கம்’ என்று கூறுவானொருவன் உளனோ? கூறுவானாயின் அவன் தாய்க்கு மட்டுமன்றித் தன் மக்கள்பால் தனக்குள்ள அன்புக்கும் அதுவே முடிபாகும். விளக்கு இவ்வீட்டுக்கு வந்த வழியைச் சொல்லிவிட்டால், அவ்விளக்கைக்கொண்டு காண்பவன் இல்லையாய்விடான்.

சித்தாந்தம் இவ்விடத்து மிகவும் அளவாகவே பேசுகின்றது. உயிர் கருவியின்றித் தானே அறியும், தானே அன்பு செய்யும் என்று அது கூறவில்லை. கருவிகளோடு கூடாத கேவல நிலையில் உயிருக்கு அறிவு விளக்கமில்லை. தனுவும் கரணமும் கூடியபோதே, கூடிய அளவுக்கே, அது விளங்கும். அங்ஙனமாயின் அக்கருவி எத்துணைக் காலம் எவ்வழியே அமைந்து வந்ததென்பதை ஆராய்தல் உயிரை மறுப்பதாகாது. கோழியின் அன்புக்கு அளவுண்டு. வாத்து முட்டையை வைத்தாலும் அடைகாக்கும். குஞ்சு வளர்ந்தபின் கொத்தித் துரத்தும். அது கருவியின் அளவு. ஆனால் அவ்வளவுக்குட்பட்டு நின்று அஞ்சுவதும் அணைப்பதும் ஏதோ ஒன்று உண்டன்றோ? எலும்பையும் இறகையும் எத்துணை நுணுகி அளந்தாலும், அஞ்சியது யாதென்பது அவ்வளவையில் அகப்படுவதில்லை.

நம்மவருள் இரு திறத்தார் இத்தகைய செய்திகளைக் கேட்டவுடன் வழிதவறுகின்றனர். ஒரு திறத்தார், இது சமயத்துக்குக் கேடென அஞ்சிக் காதைப் பொத்துவர். மற்றொரு திறத்தார், ‘இதெல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னது’ என்று மார்தட்டுவர். திருவாசகத்துச் சிவபுராணத்திற் புல் முதலாகப் பல பிறவிகள் எண்ணப்படுதலை அதற்குச் சான்று காட்டுவர். அப்பகுதியைச் சற்றே நிதானித்து நோக்குவார்க்கு அங்கே பறவைக்குப் பின் பாம்பும், பாம்புக்குப் பின் கல்லும் வைக்கப்பட்டிருத்தல் புலனாகும். நிலவுலகில் உடல்கள் தோன்றிய காலமுறையைக் கூறுவது அடிகளார் கருத்தாயின் அவ்வைப்பு நில்லாது. ஓருயிர் எடுத்தெடுத்து இளைத்த பிறவிகளின் மிகுதியைக் கூறுவதே அங்குக் கருத்து. ஆர்க்கியாப்டெரிக்ஸின் உடல்வழியிற் காகம் வந்தது என்பதனால், ஆர்க்கியாப்டெரிக்ஸில் இருந்த உயிரே காகத்தில் வந்தது என்பது பெறப்படாது. உடல் உடலினின்று வரும். உயிர் உயிரினின்று வருவதன்று. இவ்விரு வழியையும் ஒன்றென மயங்குவோர்க்கே அச்சமும் வேண்டா, பெருமிதமும் வேண்டா என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

உடல்வழியைப் பற்றிய அளவிற் சற்காரியவாதம் ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பே. தோன்றுதலாவது முன்னரே நுண்ணிதாய் அடங்கியிருந்தது வெளிப்படுதல். அழிதலாவது மீண்டும் அடங்குதல் என்பது அவ்வாதம். பறவைக்குப் பல் ஒழிந்து பல கோடி ஆண்டுகளாயின. எனினும் ஒருவகைப் பிறழ்ச்சியுடைய கோழிக் கருவில், முதலைக் கருவிற் காண்பதுபோன்ற பல்முளை தோன்றுதலை அறிஞர் 2006-ல் எடுத்துக்காட்டினர். அக்கரு பொரித்து வெளிவருவதில்லை. போயிற்று என்று எண்ணப்பட்ட பல், போகாது அடங்கியிருந்தது. இதனை உவமையளவிற் கொள்ளலாம். அதற்குமேல் இழுத்துச் சென்று, மாயையின் காரியம் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டதென எழுதுவது இரண்டு நூற்கும் செய்யும் தீங்கு.

வேறொரு செய்தியில் இவ்வாராய்ச்சி நமக்கு உண்மையிலேயே பயன்படுகின்றது. விலங்கும் பறவையும் மனிதன் பொருட்டே படைக்கப்பட்டன என்னும் கொள்கை மேனாட்டிற் பரவியிருந்தது. நம் நாட்டிலும் வாயாற் சொல்லாது கையாற் கொண்டொழுகுவோர் பலர். டைனோசர்கள் பதினாறு கோடி ஆண்டுகள் இந்நிலத்தில் வாழ்ந்தன. அவை ஒழிந்து ஆறரைக் கோடி ஆண்டு கழிந்தபின்னரே நாம் வந்தோம். அவற்றை உண்டவருமில்லை, ஏரிற் பூட்டியவருமில்லை, கண்டு வியந்தவருமில்லை. அவ்வுடல்கள் யார் பொருட்டு? மனிதன் பொருட்டென்பார்க்கு விடையில்லை. அவ்வவ்வுடலில் நின்ற உயிரின் பொருட்டு என்பது சித்தாந்தம். அது கொண்டால் நம் முற்றத்துக் கோழியின் உடலும் கோழியின் பொருட்டேயாம். நம் இலையின் பொருட்டன்று. இதனைச் சொல்லும்போது பட்டினச்சேரியாரை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டுவது நம் கருத்தன்று. கடலன்றி வேறு வயலில்லாதாரை, விளைநிலமும் நிறைந்த களஞ்சியமும் உடையார் பழித்தல் எளிது. நாகைக் கடற்கரையில் வலைவீசி வாழ்ந்த அதிபத்தர் அறுபத்துமூவருள் ஒருவர்.

எஞ்சிய இடர்ப்பாடு ஒன்றையும் மறைத்தலாகாது. மணல் மூடி மடிந்த அத்தாயும், அதன் கீழிருந்த முட்டைகளும், விண்கல் வீழ்ந்த நாளில் மடிந்த எண்ணிறந்த உயிர்களும் எது குறித்துத் துன்புற்றன? வினையென்று ஒரு சொல்லாற் கடந்துபோதல் எளிது. நன்று தீது அறிந்து வினை ஈட்டாத உயிர்க்கு வந்த துன்பத்தை நூல்கள் பழவினையின் துய்ப்பாகவே கொள்ளும். அதனை நாம் மறுப்பதில்லை. ஆயினும் அவ்விடையைத் துன்பப்படும் உயிரின் எதிரே நின்று உரக்கச் சொல்லுதற்கு நா எழுவதில்லை. எழாமையே நன்று என்பது எம் துணிபு.

உறவு என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். எலும்பு எலும்பொடு ஒத்தலாற் காட்டப்படும் உறவு ஒருவகை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவிற் கொண்டாடப்படும் அம்மையார் வேறோர் உறவுக்கு உரியவர். ஊனுடம்பை உதறி எலும்புருவாய்க் கயிலைக்குத் தலையால் நடந்து சென்றவரை, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் ‘அம்மையே’ என அழைத்ததாகப் பெரியபுராணம் கூறும். அவ்வுறவுக்கு உடல்வழி யாதுமில்லை. மாசிமகத்தில் திருக்கண்ணபுரத்துச் சவுரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது மீனவ மக்கள் அவரைத் தம் வீட்டு மாப்பிள்ளையென்றே எதிர்கொள்வர். அங்கும் அன்பே உறவை அமைக்கின்றது. எலும்பால் வந்த உறவை ஆராய்ச்சியாளர் நமக்குக் காட்டிவிட்டனர். காகமும் கோழியும் எத்துணைத் தொன்மையான குடியினவென்று இனி நாம் அறிவோம். அதன்மேல் அவற்றோடு நாம் கொள்ளும் உறவு எவ்வகையது என்பதை எலும்பு சொல்லாது.

ஓவிராப்டரின் பழி நீங்கியது, பெயர் நீங்கவில்லை. உயிர்வகைக்கு முதலில் முறைப்படி இட்ட பெயரே நிலைத்தல் வேண்டுமென்பது அறிவியலார் விதி. ஆதலின் அத்தாய் இன்றும் எல்லா நூல்களிலும் முட்டைத் திருடி என்றே எழுதப்பட்டு வருகின்றது.